வீல்பேஸை அளந்தீர்களா? கிட்பாஷிங் கேள்வி பதில்

இரண்டு மூன்று பிளாஸ்டிக் மாடல் கார் கிட்களின் பாகங்களைச் சேர்த்து, எந்தப் பெட்டியிலும் வராத ஒரு காரைக் கட்டுவதுதான் கிட்பாஷிங். பல வருடமாக ராத்திரி நேரங்களில் என் மேசையில் நடப்பது இதுதான். சந்தேகம் இருந்தால் அனுப்புங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்து குவிந்ததில் எனக்கு நன்றாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

திருப்பூர்: முதல் கிட்பாஷுக்கு எந்தக் கார் நல்லது அண்ணா?

1932 ஃபோர்டு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஃபோர்டு தன் பிளாட்ஹெட் வி8 இன்ஜினை முதலில் போட்ட வருடம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் இந்தக் காரை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, வேறு காரின் இன்ஜினையும் வேறு காரின் ஆக்சிலையும் போட்டு ஓட்டினார்கள். அதாவது நிஜக் காரே ஒரு கிட்பாஷ்தான். பாகம் கலந்தால் பொய்யாகத் தெரியாத கார் இது.

பாகமும் தாராளமாகக் கிடைக்கும். ஏஎம்டி என்ற அமெரிக்கக் கிட் கம்பெனி 1958 முதலே ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்களை விற்றது: ஷோரூம் வடிவம், கஸ்டம், ரேஸ். ஒன்றைக் கட்டினால் மற்ற இரண்டின் பாகங்கள் மிஞ்சும். அதில் ஒரு துண்டைக்கூடத் தூக்கி எறியாதீர்கள் தம்பி.

சென்னை: 1932 ஃபோர்டில் செவர்லே ஸ்மால்-பிளாக் இன்ஜின் வைக்கிறேன். இரண்டுமே 1/25 (நிஜக் காரில் 25-ல் ஒரு பங்கு). இன்ஜின் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள சுவர்) முட்டுகிறது. ஃபயர்வாலை வெட்டவா, இன்ஜினை வெட்டவா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முட்டுவது இன்ஜின் இல்லை, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர். 1955-ல் வந்த செவர்லே ஸ்மால்-பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி நிற்கும். 1962-ல் வந்த ஃபோர்டு ஸ்மால்-பிளாக்கில் அது முன்பக்கம். நிஜ வண்டி கட்டுகிறவர்களும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் ஃபயர்வாலின் நடுப்பகுதியை இரண்டு மூன்று அங்குலம் உள்ளே தள்ளிவிடுவார்கள். மூன்று அங்குலம் 76 மி.மீ.; 25-ஆல் வகுத்தால் 3 மி.மீ. உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இன்ஜினைத் தொடாதீர்கள். ஃபயர்வாலின் தட்டையான நடுப்பகுதியில் கத்தியின் முதுகால் நாலைந்து முறை கோடு இழுத்து அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள். 0.5 மி.மீ. ஸ்டைரீன் (கிட் பாகங்களின் அதே பிளாஸ்டிக்) ஷீட்டில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பெட்டி செய்து பின்னாலிருந்து ஒட்டுங்கள். அந்தப் பெட்டி உள்ளே டேஷ்போர்டிலோ பெடலிலோ இடிக்கிறதா என்று இன்டீரியரை வைத்துப் பாருங்கள். முன்னால் ஃபேன் ரேடியேட்டரைத் தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவும் மாஸ்கிங் டேப்பிலும், பிய்த்து எடுக்கக்கூடிய களிமண் மாதிரியான ப்ளூ-டாக்கிலும் நிற்க வேண்டும். நாலு வீலும் தரையைத் தொட்டபடி வண்டி நின்ற பிறகுதான் பசை பாட்டிலைத் திறக்க வேண்டும். நான் எங்கே பேசினாலும் சொல்வது இது: முதலில் ட்ரை-ஃபிட் (பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பது), அப்புறம்தான் பசை.

மதுரை: எல்லாவற்றுக்கும் சூப்பர் க்ளூ போதுமா?

போதாது. ஸ்டைரீனோடு ஸ்டைரீன் என்றால் மெல்லிய மாடல் சிமென்ட். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து விளிம்பில் பிரஷ்ஷால் தொட்டால், இடுக்கில் தானே ஓடி, பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும். ரெசின், உலோகம், 3டி பிரின்ட் பாகம் என்றால் சூப்பர் க்ளூ அல்லது எபாக்ஸி. சிமென்ட் அவற்றை உருக்காது. கண்ணாடிக்கு ஃபெவிகால்.

சிங்கப்பூர்: பழைய மோனோகிராம் 1/24 பாடி இருக்கிறது. ரெவெல் 1/25 ஃப்ரேமில் உட்காருமா? இரண்டும் 1932 ஃபோர்டு, பெட்டி இரண்டிலும் ரெவெல் என்றுதான் போட்டிருக்கிறது.

உட்காராது. ரெவெல், மோனோகிராம் என்ற இரண்டு கிட் கம்பெனிகளும் 1980-களில் ஒன்றாகிவிட்டன. பழைய மோனோகிராம் அச்சுகள் இப்போது ரெவெல் பெட்டியில் வருகின்றன. பிராண்டைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டியின் மூலையில் இருக்கும் அளவைப் பாருங்கள்.

ஈரோடு: மேலே உள்ள பதிலை ஏற்க முடியவில்லை. 24-க்கும் 25-க்கும் வித்தியாசம் 4 சதவீதம். ஷெல்ஃபில் நிற்கும் காரில் அதை யார் கண்டுபிடிப்பார்கள்? புதியவர்களை வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

கணக்குப் போட்டுவிடுவோம் நண்பரே. 1932 ஃபோர்டின் வீல்பேஸ் (முன் வீல் நடுவிலிருந்து பின் வீல் நடு வரை) 106 அங்குலம், 2692 மி.மீ. 1/24-ல் அது 112.2 மி.மீ.; 1/25-ல் 107.7. வித்தியாசம் நாலரை மி.மீ. நிஜக் காரில் அது நாலு அங்குலத்துக்கு மேல். மட்கார்டு இல்லாத 1932-ல் ஃப்ரேமின் பக்கவாட்டு முழுக்க வெளியே தெரியும், அதில் அழுத்தி வைத்த ஒரு வளைகோடு ஓடும். பாடியின் அடிவிளிம்பு அந்தக் கோட்டோடு சேர்ந்து போவதுதான் இந்தக் காரின் முகக்களையே. நாலரை மி.மீ. தவறினால் கிரில் ஒரு பக்கம், பானெட் ஒரு பக்கம் நிற்கும். ஷெல்ஃபுக்குப் பக்கத்தில்கூடப் போக வேண்டாம், வாசலில் நின்றே தெரியும்.

சேலம்: ஈரோட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறதே? எல்லோரும் 1/24 வீலை 1/25 காரில் போடுகிறார்கள். அப்போது அதுவும் தப்பா?

தப்பே இல்லை, நானும் போடுகிறேன். 1/24-ல் செய்த 15 அங்குல ரிம்மை 1/25 காரில் மாட்டினால் 15.6 அங்குலமாகத் தெரியும். நிஜத்திலேயே 14, 15, 16 என்று ரிம் இருக்கும்போது யார் கண்ணை உறுத்தப் போகிறது? கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், ஹெட்லைட், முழு இன்ஜின், சீட் எல்லாம் தனியாக நிற்கும் பாகங்கள், தாராளமாகக் கலக்கலாம். ஒன்றோடு ஒன்று விளிம்பு சேரும் பாகங்களைக் கலக்கக் கூடாது: பாடியும் ஃப்ரேமும், பாடியும் கண்ணாடியும், பிளாக்கும் சிலிண்டர் ஹெட்டும். தனியாக நிற்கிறதா, விளிம்பு சேர்கிறதா? அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரோடு: இரண்டையும் கையில் வைத்து அளந்த பிறகு பேசுகிறேன்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். வெர்னியர் எடுங்கள்.

தஞ்சாவூர்: என் தாத்தா அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். அவர் நினைவாக ஒன்று கட்ட ஆசை. பொம்மைக் கடையில் ஒரு பிளாஸ்டிக் அம்பாசடர் கிடைத்தது. இதன் அடியில் 1/24 கிட்டின் சேசிஸைப் பொருத்த முடியுமா?

படித்ததும் சந்தோஷமாக இருந்தது. பொம்மையின் முன் வீல் நடுவிலிருந்து பின் வீல் நடு வரை எவ்வளவு என்று உடனே கேட்டு எழுதினேன். 77 மி.மீ. என்று பதில் வந்தது. அம்பாசடரின் வீல்பேஸ் 2464 மி.மீ.; 77-ஆல் வகுத்தால் 32. ஆக, உங்கள் பொம்மை 1/32. 1/24 சேசிஸ் இதன் அடியில் போகவே போகாது.

இரண்டு வழி இருக்கிறது. இந்தப் பாடியையே வைத்துக்கொண்டு, 1/32 கிட்களிலிருந்து வீலும் சீட்டும் தேடுவது ஒன்று. 1/24-லேயே வேண்டும் என்றால் பாடியை 3டி பிரின்ட் எடுக்க வேண்டும். வீல்பேஸ் 102.7 மி.மீ. வரும். அடிப்பாகத்துக்கு டொயோட்டா ஏஇ86 கிட்டை எடுங்கள். அதுவும் முன்னால் இன்ஜின், பின்வீல் இழுவை, ஒரே துண்டான பின் ஆக்சில். வீல்பேஸ் 2400, அதாவது சரியாக 100 மி.மீ. முன் சீட்டுக்குக் கீழே தரையைக் குறுக்கே அறுத்து 2.7 மி.மீ. ஸ்டைரீன் சேர்த்தால் முடிந்தது. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கை மட்டும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும், 0.5 மி.மீ. பட்டைகளை அடுக்கினாலே வந்துவிடும். தாத்தா ஓட்டிய வண்டியின் படம் இருந்தால் வீட்டில் தேடி எடுங்கள். டாக்ஸி மீட்டர் எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை அதில் தெரியும்.

நாமக்கல்: எந்தப் பசை நல்லது?

மதுரைக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

யாழ்ப்பாணம்: 1949 மெர்குரியின் கூரையை நாலு அங்குலம் இறக்க வேண்டும். எப்படி?

1/25-ல் 4 மி.மீ. கூரையைத் தாங்கும் எல்லாத் தூணிலும் டேப் ஒட்டி, இரண்டு கோடு வரைந்து, மெல்லிய ரேசர் ரம்பத்தால் அறுங்கள். தூண்கள் சாய்வாக இருப்பதால் கூரையை இறக்கியதும் முனைகள் சந்திக்காது. கூரையை நடுவில் அறுத்து நீட்ட வேண்டும், அல்லது தூணை இன்னும் சாய்க்க வேண்டும். கிட்டில் வந்த கண்ணாடி இனி உதவாது, தெளிவான அசிடேட் ஷீட்டில் புதிதாக வெட்டுங்கள். இதற்குத் தனிப் பதிவே வேண்டும், எழுதுகிறேன்.

வேலூர்: குரோம் பாகத்தை உரிக்க ப்ளீச் போதும் என்கிறார்கள். சரியா?

சரி. அது மெல்லிய அலுமினியப் பூச்சு, ப்ளீச்சில் ஊறினால் போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் அந்தப் பக்கமே வரக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. ஒரு பம்பருக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

கோவை: டை-காஸ்ட் கார் ரீபெயின்ட்?

என் துறை இல்லை. அதிலேயே ஊறியவர்களைக் கேளுங்கள்.

கடலூர்: முன் கண்ணாடியைச் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டலாமா?

மூன்றாவது முறை பசைக் கேள்வி. இதற்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் நானே இதைச் செய்திருக்கிறேன். மூன்று மாதம் உழைத்த ஒரு கூப்பேயில் கடைசி வேலையாகக் கண்ணாடியைச் சூப்பர் க்ளூவால் ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க மார்கழிப் பனி படிந்த மாதிரி வெள்ளை. அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் படிந்துவிடும். பாலிஷ் போட்டு எடுக்கலாம், ஆனால் கூரை ஒட்டிய பிறகு உள்ளே விரல் போகாது. ஃபெவிகாலைப் பல்குச்சி முனையில் தொட்டு விளிம்பில் வையுங்கள். காய்ந்தால் நிறமே தெரியாது.

ஈரோடு: அளந்துவிட்டேன். நாலரை மி.மீ. சரிதான். ஆனால் இரண்டு கிட்டையும் ஏற்கெனவே பிரித்தாயிற்று, இப்போது என்ன செய்ய?

ஒன்றும் வீணாகவில்லை. 1/24 பாடிக்கு அதன் சொந்த ஃப்ரேமையே போடுங்கள். 1/25 பெட்டியிலிருந்து இன்ஜின், முன் ஆக்சில், வீல் மட்டும் வரட்டும். ஆக்சில் சுமார் 2 மி.மீ. குறுகலாக இருக்கும், வீல்கள் உள்ளே ஒடுங்கித் தெரியும். 1 மி.மீ. ஷீட்டில் இரண்டு வட்டம் வெட்டி, ஒவ்வொரு முன் வீலுக்கும் பின்னால் ஒன்று வையுங்கள். ப்ளூ-டாக்கில் நிறுத்தி, முன்னாலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை பசை வேண்டாம்.