பதில்: சேலம் விமான நிலையத்திலிருந்து கோட்டைப் பகுதிக்கு, அம்மாவுடன்

காலை 11 மணிக்கு இறங்கி, இரவு ரயிலுக்கு முன் கோட்டைப் பகுதியைப் பார்க்கணும்னு கேட்டிருக்கீங்க. நேராகக் கோட்டைக்குப் போகாதீங்க. அங்கே பார்க்க வேண்டியவை கோயில்கள்தான், போய்ச் சேரும்போது உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்தியிருக்கும். மாலை 4 மணிவாக்கில்தான் திறப்பாங்க.

விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில். தர்மபுரி–சேலம் பஸ்கள் நெடுஞ்சாலையில் போகும், ஆனால் பெட்டியோடு அம்மாவை வெயிலில் நடக்க வைக்க வேண்டியிருக்கும். டாக்ஸியை முதல் நாளே பேசிடுங்க. சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ரயில்வே ஜங்ஷன் போய், பெட்டிகளை வைத்துவிட்டுப் போகும் க்ளோக் ரூமில் போடுங்க. பூட்டில்லாத பெட்டியை வாங்க மாட்டாங்க, டிக்கெட்டும் கேட்பாங்க. சாப்பிட்டு ஓய்வெடுத்து, மூன்றரைக்குக் கிளம்பினால் போதும்.

கோட்டைக்குப் பக்கம் பழைய பஸ் ஸ்டாண்ட்தான், ஆட்டோக்காரரிடம் 'பழைய பஸ் ஸ்டாண்ட்' என்று அழுத்திச் சொல்லுங்க. வெறும் பஸ் ஸ்டாண்ட் என்றால் மெய்யனூர் புது பஸ் ஸ்டாண்டில் விட்டுடுவார். முதலில் சுகவனேசுவரர் சிவன் கோயில், அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். அடுத்து கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர் பெருமாள் கோயில். எல்லாம் பக்கம் பக்கம்தான். பெயர்தான் கோட்டை, மதில் கொத்தளம் எதிர்பார்க்காதீங்க. ஆடியில் வந்தால் மாரியம்மன் கோயில் பக்கம் ஆட்டோ நுழையாது, அம்மாவுக்குச் சிரமம்.

தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் காய்கறியும் வைத்துத் தரும் தட்டுவடை செட் கடைகள் சாயங்காலம்தான் சூடுபிடிக்கும். அம்மாவுக்குக் காரச் சட்னியைக் குறைக்கச் சொல்லுங்க.