45 நாள் குட்டியை விற்றவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "இன்ஸ்டாகிராமில் பார்த்து, கோவையில் ஒரு பிரீடரிடம் 22,000 ரூபாய்க்கு லேப்ரடார் குட்டி வாங்கினேன். 45 நாள் குட்டி, முதல் ஊசி போட்டாச்சு என்றார். ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தது, செவ்வாய் காலையிலேயே வாந்தி, அப்புறம் ரத்தப் பேதி. டெஸ்டில் பார்வோ (குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய்) என்று வந்தது. வெள்ளிக்கிழமை இறந்துவிட்டது. பணத்தைக் கேட்டால், சாப்பாடு சரியில்லாததால்தான் செத்தது, விற்ற குட்டிக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்கிறார். பில் இல்லை, ஜிபே-யில் அனுப்பியதுதான் இருக்கிறது. வழக்குப் போட முடியுமா? அடுத்த குட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது?"

தாராளமாகப் போடலாம், போடுங்கள் என்றே சொல்வேன். 45 நாள் என்று அவர் தன் வாயால் சொன்னதுதான் உங்கள் வழக்கின் பலம். 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், குட்டிக்கு மைக்ரோசிப் போட்டிருக்க வேண்டும், ரசீதும் தடுப்பூசி விவரமும் கையில் கொடுக்க வேண்டும். நம் ஊரில் 45 நாளில் குட்டியைக் கைமாற்றுவது வழக்கமாகவே ஆகிவிட்டது, ஆனால் வழக்கம் என்பதற்காக அது சட்டமாகிவிடாது.

பில் இல்லையே என்று பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் விற்பதே முறையற்ற வணிக நடைமுறைதான். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்காமல், 30 நாளுக்குள் பணமும் தராமல் மறுப்பதும் அப்படியே. நாய்க்குட்டியைப் பொருள் என்று சொல்ல உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் அந்தக் கணக்கில் வைத்துத்தான் இந்தச் சட்டத்தில் நிவாரணம் கேட்க முடியும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? உங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் நோய் தொற்றியது என்பார்கள். பார்வோ தொற்றினால் அறிகுறி தெரியப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் வரை ஆகும். உங்கள் குட்டியோ ஒன்றரை நாளில் படுத்துவிட்டது, அப்படியானால் வரும்போதே நோயோடு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இதைத் தேதிகளோடு உங்கள் கால்நடை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். டெஸ்ட் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, செலவு பில் எல்லாம் பத்திரம். 'இது வீட்டில் வளர்ப்பது, வியாபாரம் இல்லை' என்றும் சொல்லிப் பார்ப்பார். அதற்குப் பதில் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே வரிசையாகக் கிடக்கும் விற்பனைப் பதிவுகள், அவற்றை அவர் அழிப்பதற்குள் இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அவரோடு பேசிய சாட் மெசேஜ்களை அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம். மின்னணு ஆதாரத்தோடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழையும் இணைத்துவிட்டால் நல்லது.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். விலை, சிகிச்சைச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது எவ்வளவு என்பது ஆணையத்தின் கையில். விலங்கு நல வாரியத்துக்கும் ஒரு புகார் எழுதுங்கள், அதனால் உங்களுக்குக் காசு வராது, ஆனால் அங்கே அடைத்து வைத்திருக்கும் தாய் நாய்களுக்காக அதைச் செய்யுங்கள்.

அடுத்த குட்டி விஷயம். போட்டோவைப் பார்த்து முன்பணம் அனுப்பவே வேண்டாம். நேரில் போய்த் தாயையும் அது இருக்கும் இடத்தையும் பாருங்கள், 'தாய் வேறு இடத்தில் இருக்கு' என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வாரியப் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர் வம்சாவளிக்குத்தான், அது உரிமமும் ஆகாது, ஆரோக்கியத்துக்கு உத்தரவாதமும் ஆகாது. தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்தின் ஸ்டிக்கரும் டாக்டரின் கையெழுத்தும் இருக்கிறதா பாருங்கள். வீட்டில் யார் இருப்பார்கள், எங்கே படுக்க வைப்பீர்கள் என்று உங்களையே கேள்வி கேட்கும் பிரீடர் கிடைத்தால் அவரை நம்பலாம்.

ஆனால் இப்போது அவசரப்படாதீர்கள். பார்வோ கிருமி வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. ப்ளீச்சிங் கரைசலால் எப்படிச் சுத்தம் செய்வது, எத்தனை மாதம் பொறுப்பது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, தடுப்பூசி முழுக்க முடிந்த குட்டியாகக் கொண்டு வாருங்கள்.