அந்த 180 ஓம் எதனுடைய தடை?

கேள்வி: பெங்களூருவில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், ஊர் மதுரை. 1 சதுர சென்டிமீட்டர் நிக்கல் நுரையில் நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு வளர்த்து, 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஆக்சிஜன் வெளியேற்றத்துக்குச் சோதிக்கிறேன். 270 மில்லிவோல்ட் மிகை மின்னழுத்தத்தில் (வினைக்குக் குறைந்தபட்சம் தேவையானதைவிடக் கூடுதலாகத் தருவது) 10 மில்லிஆம்பியர் கிடைக்கிறது, டஃபெல் சரிவு, அதாவது மின்னோட்டம் பத்து மடங்காகத் தேவையான கூடுதல் மின்னழுத்தம், 60 மில்லிவோல்ட். ஆனால் திறந்த சுற்றில் (வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்தாத நிலையில்) எடுத்த இம்பீடன்ஸ் வரைபடத்தில், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மாறுமின்னோட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் படத்தில், மின்னூட்ட மாற்றத் தடை (மின்முனைப் பரப்பில் வினைக்கு உள்ள தடை) 180 ஓம் வருகிறது. வினையூக்கி மோசமா?

பதில்: வினையூக்கியைக் குறை சொல்லாதீர்கள், அம்மா. திறந்த சுற்றில் ஒரு குமிழிகூட எழுவதில்லை. நடக்காத வினைக்கு அங்கே தடை ஏது? அந்த 180 ஓம் மேற்பரப்பில் நடக்கும் வேறு ஏதோ மந்தமான மாற்றத்தினுடையது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். டஃபெல் சரிவு 60-ஐ 2.303-ஆல் வகுத்தால் 26 மில்லிவோல்ட். அதை 10 மில்லிஆம்பியரால் வகுத்தால் 2.6 ஓம். வினை ஓடும்போது உங்கள் வரைபடம் இதற்குப் பக்கத்தில் வர வேண்டும். வரைபடத்தில் தெரியும் ஒரு அரைவட்டத்தை மட்டும் அளக்காமல், கரைசல் தடையைக் கழித்துத் தாழ் அதிர்வெண் முனைவரை உள்ள மொத்த அகலத்தை எடுங்கள். இந்தக் கணக்கைப் போடாமலேயே பலர் கட்டுரை அனுப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பாதரசம்-பாதரச ஆக்சைடு ஒப்பீட்டு மின்முனைக்கு எதிரே 0.58 வோல்ட் அருகில் தொடங்குங்கள். கரைசல் தடை 2 ஓம் என்றால் 20 மில்லிவோல்ட் அதிலேயே போய்விடும். அதையும் சேர்த்து, மின்னோட்டம் 10 மில்லிஆம்பியரில் நிலைக்கும் மின்னழுத்தத்தைப் பிடியுங்கள். பத்து நிமிடமாவது காத்திருந்து, பிறகு 5 மில்லிவோல்ட் அலைவீச்சில் 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து கீழிறங்குங்கள்.

0.1 ஹெர்ட்ஸில் நிறுத்திவிடலாம். நுரையின் துளைகளை உற்றுப் பாருங்கள்: கடுகளவு குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டு வளர்ந்து, சட்டென விடுபடும், அந்தக் கணம் மின்னோட்டம் துள்ளும். 0.01 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு அலைக்கு 100 நொடி ஆகும். அதற்குள் எத்தனை குமிழிகள் போய்விடும்! புள்ளிகள் சிதறுவது அதனால்தான். காந்தக் கலக்கியை ஓட்டுங்கள், க்ராமர்ஸ்-க்ரோனிக் சோதனையில் (அளந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது) தேறாத புள்ளிகளை நீக்குங்கள்.

நிக்கல் ஆக்சிஜனேற்றமடையும் பகுதியில் அளந்தால் வரைபடத்தின் தாழ் அதிர்வெண் வால் செங்குத்தாக எழும். அது மின்தேக்கியின் குணம். வார்பர்க் (அயனிகள் விரவுவதைக் குறிக்கும் கூறு) என்று பொருத்தினால் மென்பொருள் மறுக்காமல் ஓர் எண்ணைத் தரும், ஆனால் விரவல் சாய்வு 45 பாகைதான். நுரையின் மேடுபள்ளத்துக்கு வெறும் மின்தேக்கி போதாது, மாறாக் கட்டக் கூறை (சரியான மின்தேக்கியிலிருந்து சற்று விலகும் கூறு) பயன்படுத்துங்கள்.

பூச்சில்லாத நுரையையும் அதே கரைசலில் அளந்து வையுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் துளி இரும்பு இருந்தாலே அது நிக்கலுக்குள் ஏறி வினையைக் கூட்டிவிடும். கண்ணாடிக் கலத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவினாலும், கடைசி அலசல் அயனி நீக்கிய நீரில்தான் இருக்க வேண்டும்.

புதிய அளவீட்டில் 6, 7 ஓம் என்று வந்தால், முதலில் மின்னோட்டம் உண்மையிலேயே 10 மில்லிஆம்பியரில் நிலைத்ததா என்று பாருங்கள்: 4 மில்லிஆம்பியர்தான் என்றால் அதே கணக்கு 6.5 ஓம் தரும்.