கட்டுப்படுத்தும் சபை, நடுவில் ஒரு குடும்பம்: எந்தக் கிறிஸ்தவக் காதல் நாவலைப் படிக்கலாம்?

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. குடும்பத்தையும், குடும்பத்துக்குள் கைநீட்டும் ஒரு சபையையும் பற்றிய கிறிஸ்தவக் காதல் நாவல் எது என்பது ஒன்று. அப்படிப்பட்ட சபைகள் நிஜத்திலும் அவ்வளவு கடுமையானவையா என்பது மற்றொன்று.

ஒரே ஒரு நாவல் சொல்லச் சொன்னால், பெவர்லி லூயிஸ் எழுதி 1997-இல் வெளிவந்த ‘தி ஷன்னிங்’ (விலக்கி வைத்தல்) நாவலைச் சொல்வேன். பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் பகுதி ஆமிஷ் மக்களின் கதை. மின்சாரம் வேண்டாம், கார் வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகும் அந்தக் கிறிஸ்தவப் பிரிவினரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நாயகி கேட்டி லாப் இளம்பெண். மனைவியை இழந்த, ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பனான பிஷப் ஒருவருக்கு அவளை நிச்சயித்திருக்கிறார்கள். அவள் மனமோ நீரில் மூழ்கி இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பும் பழைய காதலனிடம் இருக்கிறது. போதாக்குறைக்கு ஒரு கித்தார். ஆமிஷ் சபையில் இசைக்கருவிகளுக்கு இடமில்லை. கல்யாணத்துக்கு முன்பு பரணில் ஒரு சாட்டின் குழந்தைச் சட்டை கிடைக்கிறது. எளிமையே விரதமாகக் கொண்ட வீட்டில் சாட்டின் எப்படி வந்தது என்ற கேள்வியிலிருந்து கதை விரிகிறது. கல்யாண நாளில் அவள் எழுந்து போய்விடுகிறாள். சபை அவளை விலக்கி வைக்கிறது.

இதை நான் காதல் கதையாகப் படிக்கவில்லை. காதலன் என்ன ஆனான் என்பது பொழுதுபோக்குக்கு உதவும், அவ்வளவுதான். நாவலின் உயிர் கேட்டியின் அம்மா ரெபெக்காவிடம் இருக்கிறது. மகளைத் தள்ளி வைத்த பிறகு அதே வீட்டில், அதே சமையலறையில், அந்த அம்மா என்ன செய்வாள்? சபையின் கட்டளையை நிறைவேற்ற வேண்டியவள் அவள்தான். பிஷப் தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மூன்று வேளையும் தண்டனை கொடுக்க வேண்டியது பெற்றவர்கள்.

ஆமிஷ் விலக்கம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இது இன்னும் உறைக்கும். விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் கையிலிருந்து எதையும் நேராக வாங்கக் கூடாது. மேசைமேல் வைத்தால் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அவருடைய காரில் ஏறக் கூடாது. சில வீடுகளில் இரண்டு மேசைகளை ஒரு சிறு இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுவார்கள். பார்வைக்கு ஒரே மேசை. சட்டப்படி இரண்டு. அந்த விரிப்பை எந்த அம்மா முதலில் விரித்தாரோ, அவருக்குச் சபையையும் மீற முடியவில்லை, பிள்ளையையும் விட முடியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இது புத்தகத்திலிருந்து மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. திருநெல்வேலிப் பக்கம், நகை போடாத, சினிமா பார்க்காத பெந்தெகொஸ்தே குடும்பத்தில் வளர்ந்தேன். அத்தை சபைக்கு வெளியே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு அவர் வீட்டுக்கு வரும் நாட்களில் ஆச்சி சொதி வைப்பார். அத்தைக்கு அது உயிர். இலையைப் போட்டுப் பரிமாறிவிட்டு, ‘சாப்பிடு’ என்று சொல்லிவிட்டு, ஜெப அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அத்தை தனியாகச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவார். போதகர் அப்படிச் செய்யச் சொன்னாரா, ஆச்சியாகவே செய்தாரா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ரெபெக்காவைப் படித்தபோது ஆச்சியின் முகம்தான் வந்தது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நாவல்கள் மிகைப்படுத்துகின்றனவா? தண்டனையில் இல்லை. 1947-இல் ஒஹாயோ மாநிலத்து வேய்ன் மாவட்டத்தில் ஆண்ட்ரூ யோடர் என்ற விவசாயி ஆமிஷ் சபைத் தலைவர்கள்மீது வழக்குத் தொடர்ந்தார். நோயாளி மகளை அடிக்கடி மருத்துவரிடம் கொண்டுபோக அவருக்குக் கார் தேவைப்பட்டது. அதை அனுமதிக்கும் வேறொரு சபைக்கு மாறினார். பழைய சபை அவரை விலக்கியது. ஜூரி அவருக்கு 5,000 டாலர் இழப்பீடு வழங்கியது. பென்சில்வேனியாவில் ராபர்ட் பேர் என்பவரை, ஆமிஷ் மக்களுக்கு நெருங்கிய உறவான மென்னனைட் பிரிவைச் சேர்ந்த ரிஃபார்ம்டு மென்னனைட் சபை விலக்கியது; மனைவியும் பிள்ளைகளும் தன்னை ஒதுக்கும்படி சபை ஆணையிட்டது என்று அவர் நீதிமன்றம் போனார். வழக்கைக் கேட்காமலே தள்ளிவிட முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1975-இல் சொன்னது. மேசையும் படுக்கையும் நீதிமன்றத்துக்கு வந்துவிட்ட கதைகள் இவை.

ஆனால் ‘கட்டுப்படுத்தும் சபை’ என்றதும் நம் மனதில் வரும் கொடுங்கோல் போதகர் அங்கே பெரும்பாலும் இல்லை. ஆமிஷ் மக்களுக்குக் கோவில் கட்டடமே கிடையாது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் ஆராதனை. இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு சபை. ஊழியரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சபையார் முன்மொழிந்த ஆண்கள் ஆளுக்கு ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும்; அவற்றில் ஒன்றில் வேத வசனம் எழுதிய தாள் செருகியிருக்கும். அது யார் கையில் வருகிறதோ அவருக்கு ஆயுள் முழுக்க ஊழியம், சம்பளம் இல்லை. தாளைக் கண்டதும் அழுதுவிடுகிறவர்கள் உண்டு, ஆனந்தத்தால் அல்ல. பிஷப்பையும் இப்படித்தான், ஏற்கெனவே ஊழியத்தில் இருப்பவர்களிலிருந்து சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். அப்படி வந்தவரை வில்லனாக்குவது எளிது. மோசமான பல நாவல்கள் அதைத்தான் செய்கின்றன. கட்டுப்பாடு ஒருவர் கையில் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட, பெரும்பாலும் வாய்மொழியாகவே நிற்கும் ஒழுங்கில் இருக்கிறது. திருவிருந்துக்கு முன்பு வருஷத்துக்கு இரண்டு முறை அதை எல்லோரும் மறுபடி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. ஞானஸ்நானம் பெறாதவரை விலக்க மாட்டார்கள். பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுவாக்கில் தானாக முழங்காலிட்டு வாக்குக் கொடுத்தவர் அதை மீறினால்தான் விலக்கம். மனந்திரும்பி அறிக்கையிட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். இது கருணையா, இறுக்கிப் பிடிக்கும் கயிறா என்று வாசகர்தான் முடிவுசெய்ய வேண்டும். எனக்கு இரண்டும் என்றே படுகிறது.

‘தி ஷன்னிங்’ நாவல்மீது எனக்கு ஒரு பெரிய கோபம் உண்டு. கதையின் திருப்பம் தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். கேட்டி வளர்ப்பு மகள். பெற்றவள் வெளியுலகத்துப் பணக்காரி. தெரிந்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இசைமீது அவளுக்கு இருந்த ஏக்கத்துக்கும் அடங்காத மனதுக்கும் ரத்தமே காரணம் என்றாகிவிடுகிறது. அசல் ஆமிஷ் தாய்க்குப் பிறந்த பெண்ணுக்குக் கித்தார் ஆசை வரவே வராதா? சபையைக் கேள்வி கேட்கும் கதை, ஒரே குழந்தைச் சட்டையால் அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. லூயிஸின் சொந்தத் தாய்வழிப் பாட்டி, பழைய வழக்கங்களை விடாத ‘பழைய ஒழுங்கு’ மென்னனைட் சபையை விட்டு வேதாகமக் கல்லூரி மாணவர் ஒருவரை மணந்தவர். அந்தப் பாட்டியை மனதில் வைத்தே கதை பிறந்தது. நிஜப் பாட்டிக்கு ரகசியத் தாய் எவளும் தேவைப்படவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

இந்த வகை நாவல்களை எழுதுவதும் வாங்குவதும் பெரும்பாலும் ஆமிஷ் மக்கள் அல்ல, தனிப்பட்ட மனமாற்றத்தை வலியுறுத்தும் அமெரிக்க இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவப் பெண்கள். அதனால் கதைக்குள் வேறொரு சபை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நாயகி விதிகளிலிருந்து விடுபட்டு, ‘நான் இரட்சிக்கப்பட்டேன்’ என்று நிச்சயமாகச் சொல்லும் இடத்துக்கு வந்து சேர்வாள். பழைய ஒழுங்கு ஆமிஷ் பெரியவர்களுக்கு அப்படி அடித்துச் சொல்வதே பெருமை, ஆகவே பாவம். இரட்சிப்பு உண்டென்று நம்பலாம், கிடைத்துவிட்டது என்று சொல்லக் கூடாது. ஆக ஒரு சபையின் பிடியிலிருந்து மீட்கப்படும் பெண், எழுத்தாளரும் வாசகரும் இருக்கும் சபையில்தான் இறங்குகிறாள். எந்தச் சபையும் வேண்டாம் என்று போகும் நாயகியை இந்தப் பதிப்பகங்களில் தேடாதீர்கள்.

நடைமுறையாகச் சொன்னால்: இது மூன்று பாகத் தொடரின் முதல் நாவல். ‘தி கன்ஃபெஷன்’, ‘தி ரெக்கனிங்’ இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முடியும். முதல் பாகம் பாதி வழியில் நின்றுவிடும். எளிய ஆங்கிலம்தான். பென்சில்வேனியா ஜெர்மன் சொற்கள் அங்கங்கே வரும், இடம் பார்த்தே புரிந்துவிடும். முத்தக் காட்சிக்குமேல் எதுவும் இருக்காது, அதனால் வீட்டில் மேசைமேல் போட்டு வைக்கலாம். நேரம் குறைவு என்றால் முதல் பாகத்தில் கல்யாண நாளுக்குப் பின் வரும் அத்தியாயங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள். காதலனைப் பற்றிய பக்கங்களை நான் இரண்டாம் முறை புரட்டியே போனேன்.