தாயைப் பிரித்த பன்றிக்குட்டிக்கு முதல் வாரத் தீனி

கேள்வி: வெண்பன்றிக் குட்டிகளை 45-ஆம் நாள் தாயிடமிருந்து பிரிக்கிறோம். ஆசையாகத் தின்கின்றனவே என்று தொட்டி நிறையத் தீவனம் கொட்டுகிறோம். நாலைந்து நாளில் தண்ணியாகக் கழிகின்றன. கொழுகொழு குட்டிதான் முதலில் சாகிறது. ஏனுங்க? – வாசகர், காங்கேயம்

பதில்: தொட்டி நிறையக் கொட்டுவதுதான் காரணம். பால்குடிக் குட்டியின் இரைப்பையில் அமிலம் குறைவாகத்தான் சுரக்கும். பால் புளித்து உண்டாகும் லாக்டிக் அமிலம் அந்தக் குறையை ஈடுகட்டிவந்தது. பால் நின்றதும் மக்காச்சோளமும் புண்ணாக்கும் அரைகுறையாகச் செரித்துக் குடலுக்கு இறங்குகின்றன. அதில் ஈ.கோலி கிருமி பெருகுகிறது. தாய்ப்பாலில் கிடைத்த பாதுகாப்பும் அன்றோடு போச்சு. கொழுத்த குட்டி அதிகம் தின்கிறது, அதனால் முதலில் விழுகிறது. இமை வீங்கி, குடிகாரன் போலத் தள்ளாடினால் கிருமியின் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போது கைவைத்தியம் வேண்டாம், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

10 கிலோ குட்டிக்கு முதல் நாள் 200 கிராம் போதும். அதையும் ஐந்து வேளையாகப் பிரித்து, ஒரு பங்கு தீவனத்துக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கஞ்சிப் பதத்தில் வையுங்கள். இருபது நிமிடத்தில் தின்று முடிக்காத மிச்சத்தை எடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவுங்கள். நம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். நாளுக்கு 50 கிராம் கூட்டினால் ஏழாம் நாள் 500 கிராம் வரும். அது எடையில் 5 சதவீதம். நாலாம் நாளிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து உலர் தீவனத்துக்கு மாற்றலாம்.

100 கிலோ கலவைக்கு: மக்காச்சோளம் 58, சோயா புண்ணாக்கு 25, தவிடு 8, உப்பில்லாக் கருவாட்டுத்தூள் 6, தாது உப்புக் கலவை 2, வைட்டமின் கலவை அரை, உப்பு அரை கிலோ. புரதம் ஏறக்குறைய 20 சதவீதம் வரும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் மலிவாகக் கிடைத்தாலும் குட்டிக்கு வேண்டாம். இதே கலவையைத் தாயோடு இருக்கும்போதே, மூன்றாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியிருக்க வேண்டும்.

பிரிக்கும் நாளில் தாயை வேறு கொட்டிலுக்கு ஓட்டுங்கள். குட்டிகள் பழகிய இடத்திலேயே இருக்கட்டும். அன்றே குடற்புழு மருந்து, தடுப்பூசி, காயடிப்பு என்று எதையும் சேர்க்காதீர்கள். குட்டி வாயால் அழுத்தினால் தண்ணீர் வரும் நிப்பிள் குழாய் அதன் தோள் உயரத்தில் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு அரை லிட்டராவது வர வேண்டும். தண்ணீர் குடிக்காத குட்டி தீனியும் தின்னாது.

கேள்வி: கோழிப்பண்ணையிலிருந்து லேயர் (முட்டைக்கோழி) தீவனம் சல்லிசாகக் கிடைக்கிறது. அதைப் போட்டதிலிருந்து குட்டிகளின் வயிற்றிலும் தொடையிலும் தோல் தடித்துப் பொருக்காகிறது. சொறியா? – வாசகர், நாமக்கல்

பதில்: சொறியென்றால் குட்டி ஓயாமல் சுவரில் உரசும். உரசாமல் தோல் மட்டும் தடித்தால் பெரும்பாலும் துத்தநாகக் குறைதான். முட்டை ஓட்டுக்காக லேயர் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குட்டிக்கு 0.8 சதவீதம் போதும். மிஞ்சிய சுண்ணாம்புச்சத்து துத்தநாகத்தை உடம்பில் சேரவிடாது, வளர்ச்சியும் நின்றுபோகும். அந்தத் தீவனத்தை நிறுத்தி, துத்தநாகம் உள்ள தாது உப்புக் கலவையைச் சரியான அளவில் கொடுங்கள், சில வாரங்களில் தோல் தேறும். பிராய்லர் தீவனம் போடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதில் ரத்தக்கழிச்சலுக்காகச் சேர்க்கும் சில மருந்துகள், பன்றிக்குக் கொடுக்கும் டியாமுலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தோடு சேர்ந்தால் விஷமாகிவிடும்.

கேள்வி: ஓட்டல் சோறு எப்போதிருந்து கொடுக்கலாம்? – வாசகர், கோவை

பதில்: 20 கிலோ தாண்டட்டும். அதன் பிறகும் நன்றாகக் கொதிக்கவைத்து, கிளறி, அரைமணி நேரம் கொதிநிலையிலேயே வைத்து ஆறவைத்த பிறகே கொடுங்கள். பன்றிகளைத் தாக்கும் பன்றிக் காய்ச்சல் (ஸ்வைன் ஃபீவர்) கிருமி எச்சில் இறைச்சியோடு வந்துவிடும். ஊறுகாய், அப்பளம் கலந்த மிச்சத்தைக் கொடுத்த நாளில் தண்ணீர்த் தொட்டி காலியானால், குட்டி பின்னோக்கி நடந்து வலிப்பு கண்டு விழும். அது உப்பு நஞ்சு. மருத்துவர் வரும்வரை தண்ணீரைச் சிறிது சிறிதாகத்தான் காட்ட வேண்டும், ஒரேயடியாகக் குடிக்கவிட்டால் மூளை வீங்கிவிடும்.