கையைப் பார்க்கும் முன் காலைப் பாருங்கள்

இந்த இதழில் மாற்றுத்திறன் கொண்ட பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகள். பதில் சொல்பவர், டெல்டா பகுதியில் ஒரு வட்டார வள மையத்தில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்ட். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: மேடம், என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மூளை முடக்குவாதம், இரண்டு காலும் இறுக்கம். காலுக்குத் தாங்கலாக ஸ்பிளிண்ட் போட்டு நடக்கிறாள். வாரம் ஒரு நாள் வள மையத்தில் தெரபி. அங்கே சொன்னதையெல்லாம் நன்றாகச் செய்கிறாள். பள்ளியில் மட்டும் எழுத மறுக்கிறாள். எழுதினாலும் கோழிக் கிறுக்கல் என்கிறார் டீச்சர். கைக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்? (வாசகி, மன்னார்குடி)

பதில்: கைப் பயிற்சி அப்புறம். முதலில் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாள் வகுப்புக்குப் போய், அவள் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அநேகமாகப் பாதம் தரையைத் தொடாமல் தொங்கும். இடுப்பு முன்னால் வழுக்கி, முதுகு கூனி, ஒரு கை பெஞ்சின் ஓரத்தை இறுகப் பிடித்திருக்கும். விழாமல் இருப்பதற்கே ஒரு கை போய்விட்டது. மிச்சமுள்ள கைதான் எழுதவும் வேண்டும், நோட்டு நகராமல் பிடிக்கவும் வேண்டும். ஓடுகிற டவுன் பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டு எழுதச் சொன்னால் எனக்கும் கிறுக்கல்தான் வரும். அதோடு, இந்தப் பிள்ளைகளுக்கு விழுந்துவிடுவோம் என்ற பயம் வந்தாலே உடம்பின் இறுக்கம் கூடும். காலில் தொடங்கி கைவரை இறுகும்.

ஆக, உங்களுக்கு இப்போது தேவை ஒரு தச்சர். பாதம் முழுவதும் பதியும்படி காலுக்கடியில் ஒரு பலகை வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறத்தாழ 90 டிகிரியில் மடங்கியிருக்க வேண்டும். ஸ்பிளிண்டும் ஷூவும் போட்ட பிறகு அளவெடுங்கள். வெறுங்காலில் அளந்தால் பலகை உயரமாகிவிடும். மேசையின் விளிம்பு முழங்கை மட்டத்திலோ ஒரு விரற்கடை மேலேயோ இருந்தால் போதும். தச்சர் வரும்வரை இரண்டு செங்கல்லைச் சாக்கில் சுற்றிக் கட்டி வையுங்கள். சுவரோரத்து இடத்தைக் கேட்டு வாங்குங்கள், ஒரு பக்கமாவது சாய்மானம் கிடைக்கும். நான் போகும் ஒரு பள்ளியில் ஒரு பையனுக்கு இப்படிச் செங்கல் வைத்ததும், பெஞ்சைப் பிடித்திருந்த அவன் இடது கை தானாக மேலே வந்து நோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. எழுத்து அன்றைக்கே அழகாகிவிடவில்லை. ஆனால் 'எழுத மாட்டேங்கிறான்' என்ற புகார் நின்றது.

நோட்டுக்கு அடியில், சமையலறை அலமாரியில் விரிப்போமே, வழுக்காத ரப்பர் விரிப்பு, அதில் ஒரு துண்டு போடுங்கள். பரீட்சை அட்டையின் மேல்பக்கத்துக்கு அடியில் தடித்த புத்தகம் ஒன்றை வைத்துச் சரிவாக்கினால் கழுத்தும் மணிக்கட்டும் சரியான நிலைக்கு வரும். பென்சிலில் ரப்பர் பேண்டைச் சுற்றித் தடிமனாக்குங்கள். நீளப் பென்சிலைவிட விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில் நல்லது. அதை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க முடியாது, விரல்நுனிகள் வந்துதான் ஆக வேண்டும்.

இதெல்லாம் உண்மையில் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது ஓ.டி. வேலை. சாப்பிடுவது, பட்டன் போடுவது, எழுதுவது போன்ற அன்றாட காரியங்களைப் பிள்ளை தானே செய்துகொள்ள வழி தேடுவது அவர்கள் துறை. எங்களைப் போன்ற மையங்களில் பிசியோதெரபிஸ்ட்டும் சிறப்புப் பயிற்றுநரும் சேர்ந்துதான் அதைச் சமாளிக்கிறோம். மாவட்டத்தில் அரசு நடத்தும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் ஓ.டி. இருக்கிறாரா என்று விசாரியுங்கள். 'ஆரம்பநிலை' என்ற பெயரைப் பார்த்து, நம் பிள்ளை பெரியவளாயிற்றே என்று திரும்பிவிட வேண்டாம். ஓ.டி. கிடைத்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஸ்கூலுக்கு வந்து பார்ப்பீர்களா?" வாரத்தில் அரை மணி நேரம் எங்கள் பாயில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும், மீதி நேரமெல்லாம் அவள் அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறாள்.

ஸ்பிளிண்டையும் கவனியுங்கள். கழற்றி அரை மணி நேரம் ஆன பிறகும் தோலில் சிவப்புத் தடம் மறையவில்லை என்றால் அது சின்னதாகிவிட்டது. பிள்ளை வளர்கிறாளே.

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் பெண் வீல்சேரில் இருக்கிறாள். பள்ளி நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. கேட்டால் "பாத்ரூம் போக வேண்டியிருக்குமே" என்கிறாள். சாயந்திரம் தலைவலியோடு வருகிறாள். (வாசகி, அறந்தாங்கி)

பதில்: இதை நான் நிறைய கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று வரிசையாக வரும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

பள்ளியில் சாய்தளம் கட்டியாயிற்று என்பார்கள். வாசலில் இருக்கும், கழிப்பறை வாசலில் நாலு அங்குலத் தடுப்பும் இருக்கும். வீல்சேரோடு நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். கதவு ஏறத்தாழ மூன்று அடி திறக்கிறதா? வெளிப்பக்கமாகத் திறக்கிறதா? உள்ளே வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா? கைப்பிடி அவளுடைய பலமான கைப்பக்கம் இருக்கிறதா? சாய்தளம் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்கும் ஆபத்து. வீல்சேரிலிருந்து கம்மோடுக்கு எப்படி மாறுவது, உதவுகிறவர் எங்கே நிற்பது என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்ட் அந்தக் கழிப்பறையிலேயே வந்து சொல்லித் தர வேண்டும். மையத்தில் பழகினது அங்கே உதவாது. இடைவேளை மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக அவளை அனுப்பச் சொல்லுங்கள். கூட்டம் இருக்காது, வெட்கமும் குறையும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். கட்டடமும் வளாகமும் வசதிகளும் எல்லாப் பிள்ளைகளும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. நீங்கள் சலுகை கேட்கப் போகவில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாற்றுத்திறன் மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை உண்டு, உடன் வருகிறவருக்கும் போக்குவரத்துக்கும் படி உண்டு. வருகிறதா என்று சிறப்புப் பயிற்றுநரிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியர். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் ஓடினால் விழுகிறான். கெண்டைக்கால் மட்டும் பயில்வான் மாதிரி இருக்கிறது. தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுகிறான். சோம்பேறி என்கிறார்கள் வீட்டில். தினமும் தோப்புக்கரணம் போட வைத்துப் பலம் ஏற்றலாமா? (வாசகர், சிவகங்கை)

பதில்: வேண்டாம் சார். இன்றே நிறுத்துங்கள். கடிதத்தை வைத்து நோயின் பெயர் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய மூன்று அடையாளமும் தசைச் சிதைவு நோயில் வருபவை. உடனே குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள். தசை சேதமாகிறதா என்று காட்டும் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் பாதி விஷயம் தெரிந்துவிடும். அந்த நோயாக இருந்தால், தோப்புக்கரணம், தவளை ஓட்டம், படி இறங்குவது எல்லாம் தசையை இன்னும் கிழிக்கும். பலம் ஏற்றுகிற நோயல்ல, இருக்கிற பலத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய நோய். குதிகால் தசைநாண் சுருங்காமல் இருக்க பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் நீட்சிப் பயிற்சி தினமும் வேண்டும். விளையாட்டு நேரத்தில் தனியாக உட்கார வைக்காதீர்கள். பந்து பிடிக்கட்டும், கேரம் ஆடட்டும், விசிலை அவன் கையில் கொடுங்கள். வகுப்பு மாடியில் இருந்தால் அந்த வகுப்பையே கீழே கொண்டு வரத் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். அவன் அம்மா அடுத்த குழந்தையைப் பற்றி யோசித்தால், அதற்கு முன்னால் மரபணு ஆலோசனை அவசியம் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். எழுகிற விதத்தைக் கவனித்தீர்களே, அதைச் செல்போனில் வீடியோ எடுத்துப் பெற்றோரிடம் கொடுங்கள். டாக்டருக்குப் பெரிய உதவி.

கேள்வி: தைலம் தேய்த்து நீவிவிட்டால் கால் இறுக்கம் போகுமா? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: போகாது. பிள்ளைக்குச் சுகமாக இருந்தால் தேயுங்கள். வேகமாக மட்டும் இழுக்காதீர்கள். நிற்காத, நடக்காத பிள்ளைகளுக்கு எலும்பு மெலிந்திருக்கும், முறிந்துவிடும்.

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு. கை நடுக்கம், இயலாமை 60 சதவீதம் என்று சான்றிதழ் இருக்கிறது. பொதுத்தேர்வுக்கு என்ன செய்ய வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், சில வகை மாணவர்களுக்கு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடும் மருத்துவச் சான்றோடும் தலைமையாசிரியர் வழியாகக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் கையெழுத்து வாங்கவே நாள் போய்விடும்.

வாயால் சொல்லி எழுத வைப்பது தனி வித்தை, பழகாதவன் திணறுவான். கணக்கில் ஒரு வரியை எங்கே மடக்க வேண்டும், அறிவியல் படத்தில் எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்றெல்லாம் இன்னொருவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளையே அப்படி எழுத வையுங்கள். பள்ளியில் தயங்கினால் சிறப்புப் பயிற்றுநரைக் கூட அழைத்துப் போங்கள்.