நாலு மணிக்கு எழுப்பலாமா?

கேள்வி: பத்தாவது படிக்கும் மகனுக்கு இரவு 11 மணி ஆனாலும் தூக்கம் வருவதில்லை. ‘விடியற்காலையில் படித்தால்தான் மண்டையில் ஏறும்’ என்று மாமியார் 4 மணிக்கு எழுப்பிவிடுகிறார். புத்தகத்தின் மேலேயே சாய்ந்துவிடுகிறான். சோம்பேறித்தனமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சோம்பேறித்தனம் இல்லை. பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் பையனுக்குக் கிடைப்பது 5. வெட்டுப்படுவதும் பின்னிரவுத் தூக்கம், கனவுகள் அதிகம் வரும் பகுதி. எட்டரைக்கே விளக்கணைத்துப் படுத்த அந்தக் காலத்து வீட்டுக்கு மாமியார் சொல்வது சரிதான்.

அதற்காக இன்றே 9 மணிக்குப் படுக்கச் சொல்லாதீர்கள். உடம்பு தயாராக இருக்காது. புரண்டு படுப்பான், கை போனைத் தேடும். படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். எழுந்ததும் அரை மணி நேரம் மொட்டைமாடி வெளிச்சத்தில் படிக்கட்டும். உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது அதுதான். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த டீயின் காஃபீனில் ஏறத்தாழ பாதி 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். 3 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். சார்ஜர் கூடத்தில் இருக்கட்டும். ஞாயிறு 10 மணி வரை தூங்கினால் வாரம் முழுக்க இழுத்தது ஒரே நாளில் போய்விடும். கூடுதலாக ஒரு மணி நேரம் போதும். பலமாகக் குறட்டை விட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பள்ளியைத் தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தானே படுப்பார்கள்?
– வாசகர், கோவை

பதில்: எல்லோருக்கும் வரும் சந்தேகம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளி மணியை 7:50இலிருந்து 8:45க்கு மாற்றினார்கள். மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தபோது தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. படுக்கும் நேரம் பெரிதாக மாறவில்லை.

சிக்கல் பேருந்தில்தான். ஒரே பேருந்து அடுத்தடுத்துப் பல பள்ளிகளுக்கு ஓடும். பெரிய பிள்ளைகளைத் தள்ளினால் சின்னப் பிள்ளைகள் முந்த வேண்டும். கலிஃபோர்னியாவில் 8:30க்கு முன் உயர்நிலைப் பள்ளி தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஃப்ளோரிடா 2023இல் இதேபோல் சட்டம் போட்டு, அமலாகும் முன்பே 2025இல் கைவிட்டது.

நம் ஊரில் மணி 9க்கு அடித்தாலும் சிறப்பு வகுப்பு 7:30க்கு என்றால், பிள்ளைக்குப் பள்ளி தொடங்குவது 7:30க்குத்தான்.